லூர்து அண்ணனின் கை நடுங்கியதே இல்லை

என் உயிரான கிங்ஸ்லி அப்பாவுக்கு,

போன ஞாயிறு நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். நான். நம் மகன் கிங்ஸ்லி. நம் மகள் செலின். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற ஆன்றோ. ஆன்றோவின் அப்பா, அம்மா. என் அண்ணன் லூர்து. அண்ணன் மனைவி புஷ்பம் மதினி. வேறு யாரும் இல்லை. சுவரில் மாலையோடு நீங்கள் இருந்தீர்கள். உங்களை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது.

எட்டுப் பேரையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் அவ்வளவு பேர்தான். ஆனால் நான் சொல்லாமல் விட்டதனால், ஒரு பொய்யை இந்தக் கடற்கரை முழுவதும் பதினான்கு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தை நம் பங்கு மாத இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நீங்கள் பொறுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. செலினுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. நீங்கள் கடைசியாகப் பார்த்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இப்போது இருபத்து மூன்று. உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். மாப்பிள்ளை ஆன்றோ திரேஸ்புரத்துப் பையன். உங்களைப் போலவே சங்கு குளிக்கிறவன். வேண்டாம் என்று ஆறு மாதம் சொல்லிப் பார்த்தேன். "அப்பா செஞ்ச தொழில்தானம்மா" என்றாள். சம்மதித்துவிட்டேன். காதில் போன உப்புத் தண்ணீரை ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து வெளியேற்றுவீர்களே, அவனும் அப்படியே குதிக்கிறான். போன மாதம் நம் வாசலில் நின்று குதித்தான். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

அந்த ஞாயிறு இரண்டாம் பூசையில் அவர்களுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு இப்படி இருவர் பெயரையும் கோயிலில் வாசிக்க வேண்டுமே. நமக்கு வாசித்தபோது நீங்கள் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றீர்கள். பெயரை வாசித்து முடித்த பங்குச் சாமி, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார். எல்லாருக்கும் கேட்பதுதான். ஆனாலும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்ற வார்த்தை என் காதில் வேறு மாதிரி விழுந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

பூசை முடிந்து எல்லாரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். டீயும் மக்ரூனும் கொடுத்தேன். கல்யாணப் பேச்செல்லாம் நல்லபடியாகப் போனது. கடைசியில் ஆன்றோவின் அப்பா சொன்னார்: "எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சம்மந்தி. வழக்கம் ஒண்ணு இருக்குல்லா. இப்ப இவனுக்குக் கயிறு பிடிக்கிறவரு வயசாளி. தாலி ஏறின மறுநாள்ல இருந்து கிங்ஸ்லிதான் பிடிக்கணும்."

உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற இளம்பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். குளிக்கிறவன் அடியில் இருக்கும்போது படகில் இருக்கிற மெஷினிலிருந்து குழாய் வழியாகக் காற்று இறங்கும். நேரம் மிஞ்சி அடியில் இருந்தால் அந்தக் காற்றே ரத்தத்தில் ஏறி, மேலே வந்ததும் ஆளை முடக்கிவிடும். இடுப்பில் ஒரு கயிறும் இருக்கும். அந்தக் கயிற்றின் மேல்முனையை மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும் என்பது முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியறுத்து நிற்கக் கூடாது என்ற பயம் உள்ளவன் கண் அசரமாட்டான் என்றுதான் பெரியவர்கள் இப்படி வைத்தார்கள்.

கிங்ஸ்லி சந்தோஷமாகத்தான் இருந்தான். "அதுக்கென்ன மாமா, பிடிச்சிருவோம்" என்றான்.

"ஆமா, ஒரு கையில கயிறு, ஒரு கையில போனு. எம்மாப்பிள்ள அங்கன கெடந்து மீனுக்குக் கத சொல்லிட்டு இருக்கணும்" என்றாள் செலின். எல்லாரும் சிரித்தார்கள். லூர்து அண்ணன்கூடச் சிரித்தான். அவன் கதவோரம் நாற்காலியில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தான்.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் அண்ணன் சொன்னான்: "கிங்ஸ்லி, ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. அவன் இழுக்கட்டும்னு காத்துக் கெடக்காத. நேரத்தப் பாத்து நீயாத் தூக்கிரு. அடியில இருக்கிறவனுக்கு நேரம் தெரியாது."

நம் மகன் முகம் மாறிவிட்டது.

"நீங்க அதச் சொல்லாதிய மாமா" என்றான். "உங்க கை சரியில்லன்னுதான எங்கப்பா வேற ஆள வச்சாரு? நாலாம் நாளு போயிட்டாரு. உங்க கை நல்லா இருந்திருந்தா, இந்தா, இந்தச் சேர்ல இருந்திருப்பாரு."

அண்ணன் டம்ளரைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தான். "சரிதாம்லே நீ சொல்லுதது" என்றான். எழுந்துவிட்டான். "வா புஷ்பம், போவோம்."

அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். என் வாயிலிருந்து வந்தது எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

"உக்காரு அண்ணே. அவுக உன் கையப் பத்தி ஒண்ணும் நெனைக்கல. உன்ன மாத்தச் சொன்னது நான்."

இனி நடந்ததை ஊர் அறிய ஒழுங்காக எழுதுகிறேன். நீங்கள் நடுவில் குறுக்கிட்டு எனக்காகப் பேசக் கூடாது.

செலினுக்குப் புதுநன்மை. முதல் முதல் நற்கருணை வாங்குகிற பிள்ளைக்கு வெள்ளை முக்காடும் பூமுடியும் தாய்மாமன் கொண்டுவர வேண்டும். அண்ணன் முந்தின வாரமே வாங்கி வைத்துவிட்டான். அன்று காலை கோயில் மணி இரண்டு தடவை அடித்தாயிற்று, அண்ணனைக் காணோம். நாற்பத்தொரு பிள்ளைகள் வெள்ளை முக்காட்டோடு நின்றார்கள். நாற்பத்திரண்டாவதாக நம் பிள்ளை வெறுந்தலையோடு நின்றாள். என் கைக்குட்டையை விரித்து அவள் தலையில் போட்டேன். பிரசங்கம் தொடங்கிய பிறகு அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். எல்லாத் தலையும் திரும்பியது. நான் பையை வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் உங்களிடம் சொன்னேன்: "இனிமே எங்கண்ணன் உங்க கயிறப் பிடிக்கக் கூடாது. ஒரு பூமுடிய நேரத்துக்குக் கொண்டாரத் தெரியாதவன் கையில உங்க உசுரு எதுக்கு?"

"பைத்தியமாளா நீ?" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அவன் படகில் வந்தால் இந்த வீட்டில் உலை ஏறாது என்றேன். அண்ணன் கை மோசம் என்று நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை, கிங்ஸ்லி அப்பா. அவனுக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதா?

நீங்கள் போனீர்கள். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "சொல்லிட்டேன். உம்பேர எடுக்கல. மச்சான், உங்க கை முன்னப்போல இல்ல, நடுங்குது, நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன்."

"எதுக்கு அப்படிச் சொன்னிய?"

"நீ சொன்னன்னு சொன்னா அண்ணன் தங்கச்சி ஒறவு போயிரும். எங்கிட்டன்னா ரெண்டு நாளு மொறைப்பாரு. பெறகு ஒண்ணா டீ குடிப்போம்."

உங்கள் மனசு அப்படி. என் கோபத்தை உங்கள் வாயில் வாங்கிக்கொண்டீர்கள். ஆனால் நீங்கள் அதைச் சொன்னபோது அண்ணன் வாசலில் படகுக்காரர்கள் நாலு பேர் நின்றிருக்கிறார்கள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

புது ஆள் நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் குணம் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சங்கைக் கண்டுவிட்டால் மேலே ஒரு உலகம் இருப்பதே உங்களுக்கு மறந்துபோகும். கயிற்றை ஒரு தடவை இழுத்தால் இன்னும் இருக்கிறேன் என்று அர்த்தம், இரண்டு தடவை இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். "மச்சான் ரெண்டு தடவ இழுத்து நான் பாத்ததே இல்ல" என்பான் அண்ணன். அவன் உங்களைக் கேட்டுத் தூக்கினதில்லை. நீங்கள் மேலே வந்து கண்ணாடியைக் கழற்றியதும் அவனைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவீர்களாம். அவன் பாட்டுக்குக் கயிற்றைச் சுருட்டுவானாம். புது ஆள் உங்கள் இழுப்புக்காகக் காத்திருந்தார். நாலாம் நாள் வெகுநேரம் கழித்து மேலே வந்து, கை கால் மரத்துப்போகிறது என்றீர்களாம். படகு கரை தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணன் பிடித்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா? டாக்டரிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. கடலில் எப்படியும் நடக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஈர வேட்டி காய்கிற வாடை எங்கிருந்தாவது வந்தால், அந்தச் சமாதானம் அப்போதே கலைந்துபோகும்.

என் நோட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாமியிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறதற்கு முன்னால் ஆத்தும சோதனை செய்து எழுதிவைப்பேனே. கோபம், பொய், பொறாமை, பூசைக்குப் பிந்தியது என்று கோடு போட்டு, எத்தனை தடவை என்று புள்ளி வைப்பேன். "ஆண்டவருக்கு நீதான் கணக்கப்பிள்ளையா?" என்று கேலி பேசுவீர்கள். அண்ணன் மேல் கொண்ட கோபத்தை அந்த மாதமே எழுதினேன். சாமியிடம் சொன்னேன். பத்து அருள்நிறை மந்திரம் அபராதமாகச் சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று சொல்லி முடித்தேன். அதன் மேல் குறுக்கே கோடு போட்டேன். தீர்ந்தது என்று நினைத்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு என் நோட்டில் இடம் இல்லை. அதற்கு நான் கோடே போடவில்லை. பூசை தொடக்கத்தில் நெஞ்சில் தட்டிச் சொல்கிற மன்றாட்டில், செய்யத் தவறியதும் பாவம் என்றுதானே சொல்கிறோம்? ஆயிரம் தடவை அதைச் சொல்லியிருப்பேன். பக்கத்து வீட்டுக்குச் சோறு கொடுக்காததைப் பற்றி என்று நினைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை? பயம்தான். உங்களை எடுத்துக்கொண்டு போன அன்று அண்ணன் கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றான். ஆனால் எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். "நான் இருக்கேன்ளா" என்றான். இருந்தான். செலினுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் படுத்தவன் அவன். கிங்ஸ்லியை முதன்முதலாகப் படகில் ஏற்றிவிட்டவன் அவன். நீங்கள் இல்லாத வீட்டில் அவனும் இல்லாமல் போனால் நான் என்ன செய்வேன்? நாளைக்குச் சொல்லலாம், பெரிய வெள்ளிக்கு முன் சொல்லலாம், பிள்ளைகள் வளரட்டும் சொல்லலாம். இப்படியே தள்ளினேன்.

அதற்குள் நீங்கள் சொன்னது கரையெல்லாம் பரவிவிட்டது. செத்துப்போன மனிதரின் கடைசி வாரத்து வார்த்தை அல்லவா? அதற்கு எடை கூடிவிடுகிறது. சொந்த மச்சானே நம்பாத கை என்று ஒரு படகுக்காரனும் அண்ணனைக் கூப்பிடவில்லை. அவன் ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். உங்கள் ஆண்டுப் பூசைக்கு ஒரு வருடமும் வரவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றும். அன்று அவன் கேட்டு வாங்கி வேலைக்குப் போவான். பிள்ளைகள் கேட்டார்கள். மாமாவுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்றேன். அதைமட்டும் நோட்டில் எழுதினேன். பொய், ஒன்று.

பாவம் என்றால் கறை, கழுவினால் போய்விடும் என்றுதான் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் கற்றுக்கொண்டேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் செய்தது என் வீட்டிலேயே வளர்ந்தது. என் பிள்ளைகளோடு உட்கார்ந்து என் கையால் சோறு தின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மகன் வாயைத் திறந்து, என் அண்ணனை அடித்தது.

அந்த ஞாயிறு நான் அதைச் சொன்னதும் அண்ணன் நின்றபடியே கேட்டான். "மச்சான் சொன்னதில்லையா? நீ சொன்னதா?"

"ஆமா."

"எதுக்கு?"

"முக்காட்டுக்கு."

ஆன்றோவின் அம்மா பாவம், ஒன்றும் புரியாமல், "எந்த முக்காடு?" என்று கேட்டார். அதற்குப் புஷ்பம் மதினி என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். அவள் கத்தவில்லை.

"பதினாலு வருசம் ரெஜினா. இந்த மனுசன் தெனமும் காலையில எந்திரிச்சதும் கைய இப்படி நீட்டி வச்சுப் பாப்பாருளா. நடுங்குதான்னு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டுப் பாப்பாரு. நானும் பாக்காத மாதிரி இருப்பேன்."

அண்ணன் மதினியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு செருப்பைப் போடாமலே இறங்கிப் போய்விட்டான். மதினி அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். ஆன்றோவின் அப்பா, "இது வீட்டுக் காரியம் சம்மந்தி, இதுக்காகக் கல்யாணம் நிக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நல்ல மனிதர்கள். கிங்ஸ்லி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவன், சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த மனுசன நான் என்னெல்லாம் நெனச்சிருக்கேன்மா" என்றான். குழம்பை ஊற்றினேன்.

புதன்கிழமை காலை ஐஸ் கம்பெனிக்குப் போனேன். அண்ணன் ரப்பர் பூட்ஸ் போட்டு, கொக்கியால் ஐஸ் பாளத்தை இழுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "என்னளா, ஐஸ் வேணுமா?" என்றான்.

"திட்டிரு அண்ணே. திட்டிட்டாவது பேசு."

"திட்டினா உனக்கு லேசாப் போகும்லா. அதான் திட்டல."

நான் ஈரத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அவன் இரண்டு பாளத்தை உள்ளே தள்ளிவிட்டு வந்தான். "அன்னைக்கு நான் ஏன் லேட்டுன்னு நீ ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான். "தூங்கிட்டேன்ளா. வேற ஒண்ணும் இல்ல. முந்தின நாளு மச்சான் ஏழு தடவ முங்கினாரு. கயிறு பிடிச்சு தோளெல்லாம் வலி. அசந்துட்டேன். பூமுடியத் தலைமாட்டுல வச்சுட்டுத்தான் படுத்தேன்."

அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "எனக்கு உம்மேல கோவம் இருக்கு. அது கெடக்கட்டும். மச்சானுக்கு நான் ஒரு மெழுகுதிரி ஏத்தலயே. பதினாலு கல்லறைத் திருநாளு. அவரு நெனப்பு வந்தாலே, போய்யா, எங்கைய நம்பாதவன்தானன்னு சொல்லியிருக்கேன். செத்தவர ஏசியிருக்கேன். நமக்காகப் பழியச் சொமந்துட்டுப் போன மனுசன் உத்தரிக்கிற ஸ்தலத்துல எம்மன்றாட்டுக்குக் காத்துக் கெடந்திருந்தா? அத நான் எங்கன போயித் திருப்பிக் கொடுக்க?"

கிங்ஸ்லி அப்பா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணனின் தொழிலை எடுத்தேன், பெயரை எடுத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடமிருந்தும் எடுத்திருக்கிறேன். உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆத்துமா மோட்சம் சேர, இங்கே இருக்கிறவர்களின் ஜெபம்தானே துணை? உங்களுக்கு அண்ணன் சொல்லியிருக்க வேண்டிய பதினான்கு வருடத்து ஜெபத்தை நான் நடுவில் நின்று மறித்திருக்கிறேன். நான் எத்தனை செபமாலை சொன்னாலும் அது என்னுடையதுதான். அவனுடையதாகுமா? அங்கே உங்களுக்குக் குறைந்ததா? யாராவது வந்து சரிக்கட்டினார்களா?

புறப்படும்போது அண்ணன் ஒன்று கேட்டான். ஐஸைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "கடேசி நாளு காலையில கெளம்பும்போது, மச்சான் எம்பேர எடுத்தாராளா? எம்மேல மனவருத்தமா இருந்தாரா?"

"தெரியல அண்ணே" என்றேன்.

அத்தனை பேர் முன்னால் உடைத்துச் சொன்னவள், மூன்று நாள் கழித்து மறுபடியும் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தெரியாமல் என்ன? அந்தக் காலையில் நீங்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "போதும்ளா. சாயங்காலம் மச்சான் வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டு, நாளையில இருந்து வாங்கன்னு கூப்பிட்டுட்டு வாரேன். அவரு மேல இல்லாம அடியில இருக்கப் பயமா இருக்கு."

நீங்கள் பயம் என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்படியும் நான் சொன்னேன்: "இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும். அவனுக்குப் புத்தி வரட்டும்."

நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டம்ளரை அழுத்தி வைத்துவிட்டு இறங்கிப் போனீர்கள். அதுதான் நான் உங்களை உயிரோடு கடைசியாகப் பார்த்தது. உங்கள் முதுகு. வலது தோளில், கடலடிக்கு இறங்கச் சுமக்கிற ஈயக்கட்டியின் வார் அழுத்திய தழும்பு. அதில் இன்றைக்கும் எனக்குக் கை வைக்க வேண்டும் போல இருக்கிறது.

நேற்று பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சேர்த்துச் சொன்னேன். சாமி சின்ன வயது, உங்களைத் தெரியாது. "மன்னிப்ப நான் கொடுத்துட்டேன்மா. ஆனா அவர் கேட்ட கேள்விக்குப் பதில் உங்ககிட்ட இருக்கு. அது அவருக்குச் சேர வேண்டியது" என்றார். அபராதமாக மந்திரம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

நாளை சனிக்கிழமை. முதல் பூசை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். இது அச்சாகி அவன் கையில் கிடைப்பதற்கு முன்னால், என் வாயால் அவனிடம் சொல்லிவிடுவேன். அவன் பெயரைச் சொல்லித்தான் நீங்கள் வீட்டை விட்டு இறங்கினீர்கள், அவனைத் தேடிப் போகத்தான் இருந்தீர்கள், அதையும் மறித்தவள் நான் என்று. அவனுக்கு அதில் ஆறுதல் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. செலின் கல்யாணத்தில் தாய்மாமனாக நிற்பானா, இனி என் வீட்டுப் படி ஏறுவானா, அவன் இஷ்டம். மன்னித்துவிடு என்று கேட்டு அவனை நெருக்கமாட்டேன். இதைப் படிக்கிற படகுக்காரர்களுக்கும் சொல்கிறேன்: லூர்துவின் கை நடுங்கியதே இல்லை. நடுங்குகிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னது என்னைக் காப்பாற்ற. இனி எங்கே யார் அந்தப் பேச்சை எடுத்தாலும், கடை வாசல் என்று பார்க்காமல் நின்று மறுத்துச் சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நான் சொல்லி முடித்ததும் அண்ணன் அதைத்தான் கேட்பான், எனக்குத் தெரியும். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும், அன்று சாயங்காலம் நீங்கள் அவன் வீட்டுக்குப் போயிருப்பீர்களா? போயிருப்பீர்கள் என்று நானாகச் சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடலாம். உங்களுக்கு மட்டுமே தெரியும். எப்படியாவது எனக்குத் தெரியப்படுத்துங்கள். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்கள் மனைவியும்
உங்கள் மச்சானின் தங்கச்சியுமான
ரெஜினா